புரியாததெல்லாம் பூஜ்யம்

செப்டம்பர் 9, 2024, திங்கள்

புது நோட்டு. பழையது ஜூலையிலேயே தீர்ந்துவிட்டது. இரண்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. வேலை அப்படி.

இன்று எழுத உட்கார ஒரு காரணம் உண்டு. எங்கள் சேகரிப்பில் நாலாயிரமாவது கணினி நிரல் மதியம் வந்து சேர்ந்தது.

'மடை' என்ற எங்கள் கணினி மொழி 1989இல் பீளமேட்டில் ஒரு பம்ப் கன்ட்ரோல் கம்பெனியில் பிறந்தது. மோட்டாரை ஓட்டு, மதகைத் திற, தொட்டி நிறைந்தால் நிறுத்து. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். கம்பெனியை மூடிப் பதின்மூன்று வருடமாகிறது. மொழி மட்டும் சாகவில்லை. இப்போது அதைப் பார்த்துக்கொள்வது நானும் இம்தியாஸும், வெளியூர்களிலிருந்து கைகொடுக்கும் நாலைந்து பேரும். மூன்று வருடமாக ஐந்தாம் பதிப்பைச் செய்துகொண்டிருக்கிறோம். பழைய மடை ஓடும் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன, அந்தச் சிப்பை இன்று யாரும் தயாரிப்பதில்லை. ஆகவே புதியது வேண்டும். ஆனால் பழையதில் எழுதியவை எல்லாம் புதியதிலும் ஓடவேண்டும். அதைச் சோதிக்கத்தான், "உங்களிடம் உள்ள மடை நிரல்களையும் ஒரு வருடத்து சென்சார் பதிவையும் அனுப்புங்கள்" என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினோம்.

நூறு வரும் என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்து ஐஸ் ஃபேக்டரி ஒன்று அனுப்பியது. கென்யாவில் ஒரு பூந்தோட்டம். ஆம்பூரில் தோல் பதனிடும் இடம். ஒரு கோவில் தெப்பக்குளம். மாலத்தீவில் ஒரு பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டி. ஒரு மீன்குஞ்சுப் பண்ணையிலிருந்து வந்த கடிதம்: "இது 1991 முதல் ஓடுகிறது. எழுதியவர் யாரென்று இங்கே யாருக்கும் தெரியாது. தொடப் பயமாக இருக்கிறது."

இத்தனை தண்ணீர் எங்கள் வார்த்தையைக் கேட்டு நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தேன். காஸ் சிலிண்டர்காரர் இரண்டு முறை மணி அடித்துவிட்டுப் போய்விட்டார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

இம்தியாஸோடு வாக்குவாதம். விஷயம் பழையதுதான்.

மடைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சென்சாரிலிருந்து வருவது அதற்குப் புரியாவிட்டால், புரியவில்லை என்று சொல்லாது. பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். ஒயர் அறுந்தாலும் பூஜ்யம், எலி கடித்தாலும் பூஜ்யம். தொட்டியில் தண்ணீர் இல்லை என்பதும், தொட்டியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்பதும் அதற்கு ஒன்றுதான். தொடக்கத்தில் இப்படி இல்லை. புரியாவிட்டால் நின்றுவிடும், பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். 2003இல் வந்த மூன்றாம் பதிப்பில் யாரோ ஒரு வரியைத் தவறாக எழுதிவிட்டார்கள்.

"அதை எடுத்தே ஆகணும்," என்றேன். "புதுசுல புரியலேன்னா புரியலேன்னு சொல்லணும். நிக்கணும்."

"எடுக்க வேணாம்னு சொல்லலக்கா. இருபத்தோரு வருஷமா அது அப்படித்தான் இருக்கு. யாராவது அதை நம்பி எதையாவது எழுதியிருப்பாங்க."

"தப்பை நம்பி யாரு எழுதுவா?"

"தப்புன்னு அவங்களுக்கு யாரு சொன்னா?"

அந்த வரியை எழுதியது யாரென்று கேட்டான். அந்தக் காலத்துக் கோப்புகள் இல்லை என்றேன். அப்போது கம்பெனியில் எட்டுப் பேர் இருந்தோம் என்றும் சொன்னேன்.

செப்டம்பர் 18, புதன்

மிக்ஸி ரிப்பேர். மாவு பக்கத்து வீட்டில் அரைத்தோம்.

அக்டோபர் 3, வியாழன்

வந்து சேர்ந்த 4,112 நிரல்களையும் பழைய மடையிலும் புதிய மடையிலும், அந்தந்த ஊரின் ஒரு வருடத்துப் பதிவைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தோம். மூன்று நாள் ஓடிற்று. இரண்டுக்கும் வித்தியாசம் வந்தவை முப்பத்தேழு.

முப்பத்தேழுதான்! இம்தியாஸ் மேசையில் ஏறி உட்கார்ந்துவிட்டான். நாலாயிரம் அந்நியர்கள் முப்பது வருடமாக எழுதியவை, நாங்கள் அடியோடு பிடுங்கி மாற்றிய அஸ்திவாரத்தின்மேல் ஒரு ஓடுகூட நழுவாமல் நிற்கின்றன.

முப்பத்தேழு இடங்களுக்கும் நானே போன் செய்தேன். முப்பத்தாறு பேருக்குச் சந்தோஷம். "அப்பாடா, சென்சார் போனா இனிமே தெரியும்," என்றார்கள். மீதி ஒன்றில் யாரும் போனை எடுக்கவில்லை. அந்த நிரலை நாளைக்குப் பார்க்கவேண்டும்.

அக்டோபர் 4, வெள்ளி

வால்பாறைக்கு மேலே செங்குன்று எஸ்டேட். 2006இல் எழுதியது. மொத்தம் பத்தொன்பது வரி. காட்டாற்றின் நீர்மட்டத்தை இருபது விநாடிக்கு ஒரு தடவை படிக்கிறது. மூன்று மீட்டரைத் தாண்டினால் சைரன். சரி. அதற்கடுத்த வரி: மட்டம் பூஜ்யமானாலும் சைரன்.

ஆறு வற்றினால் எதற்குச் சைரன்? பக்கத்தில் எழுதியவர் ஒரு குறிப்பு வைத்திருந்தார். ஆங்கில எழுத்தில் தமிழ்.

"ஜீரோ வந்தா கம்பம் போச்சு. ஓடுங்க."

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். ஏனென்று தெரியவில்லை. உட்கார்ந்து படிக்கக் கூடாத ஒன்று என்று தோன்றிற்று.

அக்டோபர் 5, சனி

எழுதியவர் பெயர் சூசைராஜ். எஸ்டேட் ஃபேக்டரியின் எலக்ட்ரீஷியன். போனில் நிதானமாகப் பேசினார்.

"சென்சார் மாட்டின கம்பம் மேல, தடுப்பணைகிட்ட இருக்கும்மா. வெள்ளம் வந்தா கம்பத்தை அடிச்சிக்கிட்டுப் போயிரும். கம்பம் போனா பொட்டிக்கு ஜீரோ வரும். ஆத்துல ஜீரோ வரவே வராது, கோடைலயும் முக்கா மீட்டர் நிக்கும். அப்ப ஜீரோன்னா என்ன? வெள்ளம்."

"கம்பத்தை இன்னும் பலமா நட்டா நிக்காதாண்ணே?"

"நிக்கக் கூடாதும்மா. போறதுக்குத்தான் வச்சிருக்கேன். வெல்டிங்கைக் கொஞ்சமாத்தான் வைப்பேன். வருஷத்துக்கு ரெண்டு கம்பம் போவும்."

பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவரிடம் இருப்பது கடைசிப் பெட்டி. அதுவும் அடிக்கடி தானாக அணைந்து எரிகிறதாம். "புதுசு சீக்கிரம் குடுங்கம்மா," என்றார்.

அக்டோபர் 14, திங்கள்

பழைய நிரலைப் புதிய விதிக்கு மாற்றிக் கொடுக்கும் கருவி ஒன்றை எழுதிவிட்டேன். செங்குன்றின் பத்தொன்பது வரியைக் கொடுத்தால் புதிய மடையில் அழகாக மாற்றித் தருகிறது: "மதிப்பு வராவிட்டால் சைரன்." அவர் மனதில் இருந்ததே இப்போது வெளிப்படையாக எழுத்தில் இருக்கிறது.

இம்தியாஸுக்குத் திருப்தியில்லை. "மாத்தாம விட்டா என்னக்கா? புது மடைக்குள்ளயே பழைய விதியையும் வச்சிருவோம். மேல 'மடை 5'ன்னு ஒரு வரி எழுதினா புது விதி. அந்த வரி இல்லாத நிரலுக்குப் பழைய விதி, தப்போட சேர்த்து."

"அந்தத் தப்பை இன்னும் நூறு வருஷம் தூக்கிச் சுமக்கணுமா?"

"ஏன்க்கா இதுல மட்டும் இவ்வளவு கோவம்?"

கோபமெல்லாம் இல்லை. மழைக்காலத்தில் செங்குன்றுக்கு நேரில் போய், பழைய பெட்டிக்குப் பக்கத்தில் புதிய பெட்டியை வைத்துச் சோதித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

நவம்பர் 4, திங்கள்

தீபாவளிப் பலகாரம் ஒரு டப்பா, புதிய பெட்டி ஒன்று, ஸ்வெட்டர். பொள்ளாச்சியிலிருந்து பஸ். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணினேன், வாந்தி வராமலிருக்க.

சூசைராஜ் அண்ணனுக்கு ஐம்பத்தேழு வயது. ஒல்லி. சட்டைப் பையில் டெஸ்டர். ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் பழைய பெட்டி, சைரனுக்குப் போகும் ஒயர். கீழே பள்ளத்தில் ஆறு. ஆற்றின் மேல் தரைப்பாலம், அக்கரையில் தொழிலாளர் குடியிருப்பு. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் காலையும் மாலையும் அதில்தான் நடக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும். பாலத்திலிருந்து தடுப்பணை நாலு கிலோமீட்டர் மேலே.

இரண்டு பெட்டிக்கும் ஒரே ஒயரிலிருந்து இணைப்புக் கொடுத்தோம். புதியதில் என் கருவி மாற்றிக் கொடுத்த நிரல். அதற்குச் சைரன் கொடுக்கவில்லை, திரை மட்டும். இரண்டிலும் 1.31. மெஸ்ஸில் ரசம் நன்றாக இருந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

பூஜ்யத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். அலமாரியிலிருந்து ஒரு பழைய பிரிண்ட் அவுட்டை எடுத்துக் கொடுத்தார். 2005 நவம்பர், காலை ஆறரை மணி. 1.40, 1.40, 1.42. அதற்குப் பிறகு 0, 0, 0 என்று பக்கம் முழுக்க.

"அப்ப மூணு மீட்டருக்கு மேல போனா மட்டும் சைரன். தண்ணி ஒரே அடியா வந்துச்சு. மூணுன்னு சொல்றதுக்குள்ள கம்பம் போயிருச்சு. சைரன் அடிக்கல. ரெண்டு பேரு பாலத்துல இருந்தாங்க."

அதற்குப் பிறகு நாலு மாதம் இந்தக் காகிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாராம். "பாத்துக்கிட்டே இருந்தேன்மா. ஒருநாள் தோணுச்சு, பொட்டி சும்மா இல்ல. சொல்லித்தான் இருக்கு. ஜீரோ ஜீரோன்னு கத்தியிருக்கு. நமக்குத்தான் அந்தப் பாஷை தெரியல."

மடை மொழியை அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பெட்டியோடு வந்த கையேட்டை வைத்து அந்த ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார். பதினெட்டு வருடத்தில் முப்பத்திரண்டு வெள்ளம். ஒருவர்கூடப் போகவில்லை.

நவம்பர் 6, புதன்

மழை இல்லை. எழுதப் பிடிக்கவில்லை.

நவம்பர் 7, வியாழன்

மெஸ்ஸில் சமைக்கும் பாக்கியம் அக்கா மதியம் வெற்றிலை போட்டபடி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அது சூசைராஜு சம்சாரம் தெரியுமாம்மா? பாலத்துல போன ரெண்டு பேருல ஒருத்தி. ஜெபமாலைன்னு பேரு. என்கூடத்தான் கொழுந்து எடுப்பா. பொம்பளைக எல்லாம் முன்னால போயிட்டோம், இவ செருப்பு வார் அறுந்து நின்னா."

தங்கியிருக்கும் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

எழுதிவிடுகிறேன். 2003இல் அந்த வரியை எழுதியவள் நான்தான். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வேலைக்குச் சேர்ந்து ஏழாவது மாதம். எழுத்துகளை எண்ணாக மாற்றும் இடத்தில், முடியாவிட்டால் என்ன செய்வது என்று எழுத மறந்தேன். மறந்தால் அங்கே பூஜ்யம் விழும் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் பெட்டிகள் ஊரெல்லாம் போய்விட்டன. மேலே இருந்தவர் "விடும்மா, யாரும் கம்ப்ளைன்ட் பண்ணல" என்றார். விட்டேன். பெயரைச் சொன்னதில்லை. என் கணவர் மோகனிடம்கூட. இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தும்.

நான் அந்த வரியைச் சரியாக எழுதியிருந்தால் அன்று காலை பெட்டி இருக்கும் அறையில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும்.

நவம்பர் 9, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை மூன்றே முக்கால். இங்கே மழை இல்லை, வெயில்கூட லேசாக அடித்தது. மேலே மலை முகட்டில் மட்டும் கறுப்பு. நானும் சூசைராஜ் அண்ணனும் அறையில் இருந்தோம். இரண்டு பெட்டியும் 1.40 காட்டின.

சைரன்.

தலைக்கு மேலேயே அலறியது. பழைய பெட்டியில் 0. என் புதிய பெட்டியைப் பார்த்தேன். திரையில் சுத்தமான தமிழில், நானே இரண்டு நாள் யோசித்து எழுதிய வாசகம்: "வரி 7: வந்த மதிப்பு புரியவில்லை. நிரல் நிறுத்தப்பட்டது."

அவ்வளவுதான். நிறுத்தப்பட்டது. அதற்குச் சைரனைக் கொடுத்திருந்தால் சத்தமே வந்திருக்காது.

அண்ணன் அதைப் பார்க்கக்கூட இல்லை. வெளியே ஓடினார், நானும் ஓடினேன். கீழே பாலத்தில் கொழுந்து மூட்டையோடு இருபது, இருபத்தைந்து பெண்கள். யாரும் கத்தவில்லை. மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டார்கள். முன்னால் இருந்தவர்கள் முன்னாலும் பின்னால் இருந்தவர்கள் பின்னாலும், ஒருவரை ஒருவர் தள்ளாமல், வேகமாக. அக்கரையில் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வரிசையாக மேட்டுக்கு ஏறின. ஒரு சின்னப் பெண் கையில் கோழியோடு ஏறினாள். பாலம் காலியானது. வெயில் அடித்தது. ஆறு எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்தது. சைரன் மட்டும்.

ஒன்பது நிமிடம். மேட்டில் நின்ற யாரும் கீழே இறங்கவில்லை.

முதலில் கால் வழியாகத்தான் தெரிந்தது, தரை அதிர்ந்தது. பிறகு வளைவில் அது வந்தது. தண்ணீர் மாதிரியே இல்லை. மரங்களும் பாறையும் மண்ணும் ஒன்றாக எழுந்து நின்று நடந்து வருவதைப் போல. பாலம் இருந்த இடம் தெரியவில்லை. மூட்டைகள் தெரியவில்லை. சைரன் சத்தத்தையும் அது விழுங்கிவிட்டது.

பாக்கியம் அக்கா தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். "எல்லாரும் இருக்காங்க," என்றார்.

ஒரு இளம் பெண்ணின் மறதி மலையேறி வந்து, தன்னை நம்பிய ஒரு மனிதனின் கையில் இப்படி ஒன்றாகியிருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

தண்ணீர் வடிந்துவிட்டது. பாலம் தப்பித்தது, கைப்பிடி மட்டும் இல்லை. புதுக் கம்பம் நட அண்ணன் தடுப்பணைக்குப் புறப்பட்டார். கூடப் போனேன். அங்கே வைத்துச் சொன்னேன். 2003, அந்த வரி, எரியாமல் போன விளக்கு, எல்லாம்.

கம்பத்தைக் கீழே வைத்தார்.

"லாம்பு எரிஞ்சிருந்தா நான் பாத்திருப்பேனான்னுதானே கேக்குறீங்க?"

நான் எதுவும் கேட்கவில்லை.

"ஆறரைக்கு நான் அந்த ரூம்ல இருந்திருக்கணும். டூட்டி எனக்கு. வீட்ல டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன். அவ போட்டு வச்சிட்டுப் போன டீ. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லம்மா."

பிறகு, "லாம்பு எரிஞ்சிருந்தா பொட்டி நின்னிருக்கும். காகிதத்துல ஜீரோ வந்திருக்காது. எனக்கு இந்த வரி தோணியிருக்காது. எது எப்படிப் போயிருக்கும்னு எனக்குத் தெரியல. உங்களுக்கும் தெரியாது."

மன்னித்தாரா என்றால், அவர் அந்த மாதிரி எதுவும் சொல்லவில்லை. கம்பத்தின் ஒரு முனையைத் தூக்கி, "அந்தப் பக்கம் பிடிங்க," என்றார். பிடித்தேன்.

நவம்பர் 13, புதன்

கோவை. இம்தியாஸ் பதிவைப் பிரித்துப் பார்த்தான். கம்பம் போன நொடியில் சென்சார் அடுத்த மதிப்பை அனுப்பத் தொடங்கியிருக்கிறது. பாதியில் ஒயர் அறுந்துவிட்டது. பெட்டிக்கு வந்து சேர்ந்தது ஓர் ஒன்றும் அதற்கடுத்த புள்ளியும் மட்டும். முழு எண்ணும் இல்லை, வெறுமையும் இல்லை. என் கருவி "மதிப்பு வராவிட்டால்" என்றுதான் மாற்றியிருந்தது. அரைகுறையாக வந்தால் என்று அதில் இல்லை. பழைய மடைக்கு அந்தக் கவலையே கிடையாது. அதற்குப் புரியாததெல்லாம் பூஜ்யம்.

"இதைச் சரி பண்ணிரலாம்க்கா," என்றான் அவனே. "இன்னொரு வரி சேத்தா போதும்."

"அதுக்கப்புறம் நமக்குத் தெரியாதது எத்தனை இருக்கு? இந்த நாலாயிரத்து நூத்துப் பன்னெண்டும் நமக்கு வந்ததுதான். வராதது?"

அவன் திரையைவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினான்.

"நீ சொன்ன மாதிரியே பண்ணுவோம். பழைய விதி அப்படியே உள்ள இருக்கட்டும். மேல அந்த வரி இல்லாத எந்த நிரலையும் நாம தொட வேண்டாம்."

"தப்போட சேர்த்தாக்கா?"

"தப்போட சேர்த்து. அதை எழுதினது நான்தான், இம்தியாஸ்."

அவன் என்னைப் பார்த்தான். "தெரியும்க்கா," என்றான். "அப்ப கம்பெனில எட்டுப் பேரு இருந்தோம்னு ஒருதடவை சொன்னீங்க. மத்த ஏழு பேரையும் கேட்டுட்டேன்."

டீ வாங்கி வரப் போய்விட்டான். வீட்டுக்கு வந்து மோகனிடமும் சொன்னேன். காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

டிசம்பர் 11, புதன்

பழைய விதிக்குள் ஒவ்வொரு பூஜ்யமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தவறை அச்சு அசலாகத் திரும்பச் செய்வது, முதல் தடவை செய்ததைவிட நூறு மடங்கு கடினம். அன்று அரை மணி நேரத்தில் எழுதியதை இன்று நாலு வாரமாக எழுதுகிறேன். காய்ச்சல் வேறு.

டிசம்பர் 27, வெள்ளி

4,112. வித்தியாசம்: பூஜ்யம். இந்த ஒரு பூஜ்யம் உண்மையான பூஜ்யம். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம்.

கையேட்டில் பழைய விதி பற்றிய பக்கத்தை நான் எழுதினேன். எப்படி வந்தது, யார் எழுதியது, எந்த வருடம். கீழே என் முழுப்பெயர். அடுத்த பத்தியில் சூசைராஜ் அண்ணனின் வரியை, அவர் சம்மதத்தோடு, அவருடைய குறிப்போடு அப்படியே போட்டிருக்கிறோம்.

ஜனவரி 20, 2025, திங்கள்

போன வாரம் மடை 5 வெளியானது. செங்குன்றுக்குப் புதிய பெட்டியை பஸ்ஸில் அனுப்பினோம். அண்ணன் நேற்றே மாட்டிவிட்டார். காலை பத்தரைக்குப் போன் செய்தார். இம்தியாஸும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"பழைய பத்தொம்பது வரியை அப்படியே போட்டேம்மா. வாங்கிக்கிச்சு. எதையும் மாத்த வேணாமா?"

"வேண்டாம்ண்ணே. ஒரு எழுத்துகூட."

"அப்ப மூணு வருஷமா என்னதாம்மா மாத்துனீங்க?"

"எல்லாத்தையும்ண்ணே," என்றேன். இம்தியாஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

டெஸ்ட் செய்யப் போவதாக நேற்றே வீடு வீடாகச் சொல்லியாயிற்றாம். பதினொரு மணிக்கு ஒயரைக் கழற்றுகிறேன், கேளுங்கள் என்றார். நாங்கள் இருவரும் போனை மேசை நடுவில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏதோ கீச்சென்றது. பிறகு சைரன். நானூறு பக்கப் புதிய எழுத்தின் அடியிலிருந்து, அன்று மலையில் கேட்ட அதே குரல். எனக்குச் சிலிர்த்துவிட்டது. இம்தியாஸ் தன் கையை நீட்டிக் காட்டினான், அவனுக்கும்.

சைரன் நின்றதும் அண்ணன் யாரையோ சத்தம் போடுவது கேட்டது. டெஸ்ட்டுதான்ப்பா, டெஸ்ட்டு, இறங்குங்க. பிறகு போனில் வந்து அலுத்துக்கொண்டார்.

"நேத்தே சொன்னேன்மா, வீடு வீடாப் போய்ச் சொன்னேன். பாதிப் பேரு மேட்டுல ஏறி நிக்கிறாங்க."